புதிய கடல்மீனைத் தொட்டியில் சேர்ப்பதற்கு முன்

கடல்நீர்த் தொட்டிக்கென வாங்கிய மீனை, அது எவ்வளவு துடிப்பாகத் தெரிந்தாலும், நான்கு முதல் ஆறு வாரம் தனித்தொட்டியில் வைத்திருந்த பிறகே மற்ற மீன்களுடன் சேர்க்க வேண்டும். இத்தனை நாள் எதற்கு என்பதை வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணியான கிரிப்டோகாரியோன் இர்ரிட்டன்ஸ் வாழும் முறையே விளக்கும். மீனின் தோலிலும் செவுளிலும் சில நாள் தங்கி உண்ட பின் அது தானாக உதிர்ந்து, தரையிலோ கல்லிலோ ஒட்டி, உறைக்குள் பெருகுகிறது. உறையிலிருந்து வெளிப்படும் ஏராளமான நுண்ணுயிர்கள் மீண்டும் மீனைத் தேடி நீந்துகின்றன. புள்ளிகள் மறைந்ததும் நோய் தீர்ந்துவிட்டதாகப் பலர் எண்ணுவது இந்த இடைவெளியில்தான். செவுளுக்குள் மட்டும் ஒட்டுண்ணி இருந்தால் புள்ளியே தெரியாது. அது பெரிய தொட்டிக்குள் புகுந்துவிட்டால், மீன்கள் அனைத்தையும் வெளியேற்றி, ஏறத்தாழ 76 நாள் தொட்டியை மீனின்றி விட வேண்டியிருக்கும்.

சிறிய கோமாளி மீன்களுக்கு 40 லிட்டர் தொட்டி போதும். நீந்த இடம் தேடும் டாங் வகை மீன்களுக்கு அதைவிடப் பெரியது தேவை. மணலும் பவளக்கல்லும் போடக் கூடாது, ஏனெனில் நோய்க்குப் போடும் காப்பர் (செம்பு) மருந்தை அவை உறிஞ்சிக்கொள்ளும். மீன் ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள் போதும். ஹீட்டரும் மூடியும் அவசியம். ஸ்பாஞ்ச் ஃபில்டரின் ஸ்பாஞ்சை முன்கூட்டியே சில வாரம் பெரிய தொட்டியின் நீரோட்டத்தில் வைத்திருந்தால், மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சான அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும். தனித்தொட்டியில் நோய் மட்டுமன்றி அம்மோனியாவும் மீனைக் கொல்லக்கூடும் என்பதால், முதல் இரண்டு வாரம் நாள்தோறும் அதை அளந்து, தேவைக்கேற்ப நீரை மாற்ற வேண்டும்.

மீன் வரும் நாளில், கடைக்காரரின் தொட்டியில் உப்படர்த்தி எவ்வளவு என்று கேட்டு, தனித்தொட்டியின் நீரையும் அதே உப்படர்த்தியில் வைத்திருங்கள். நீண்ட பயணத்துக்குப் பின் பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி நீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) உயரும். அதுவரை ஓரளவு தீங்கற்றிருந்த அம்மோனியா அப்போது நச்சாக மாறும். ஆகவே திறக்காத பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமன்செய்து, திறந்தவுடன் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். பை நீரைக் கொட்டிவிடலாம்.

முதல் சில நாள் மீன் உண்ணப் பழகட்டும். மூச்சு வேகமாதல், குழாயில் உடலை உரசுதல், தோலில் தங்கத்தூள் போன்ற மெல்லிய படலம் ஆகியவற்றைக் கவனியுங்கள். அப்படலம் வெல்வெட் நோயின் அடையாளம், அது சில நாள்களிலேயே உயிரைப் பறிக்கும். வெண்புள்ளி, வெல்வெட் ஆகிய இரு நோய்களுக்கும் காப்பர் பயன்படும். காப்பர் சல்பேட் வகை மருந்தாயின் அளவை இரண்டு மூன்று நாளில் படிப்படியாக உயர்த்தி, லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை, டெஸ்ட் கிட் கொண்டு அளந்தபடி 30 நாள் நிலைநிறுத்த வேண்டும். பிற காப்பர் மருந்துகளின் அளவு வேறு. புட்டியில் உள்ளதையே பின்பற்றுக. காப்பர் இருக்கும் நீரில் அம்மோனியாவைக் கட்டும் திரவங்களைச் சேர்க்கக் கூடாது. செவுள் புழுக்களுக்குக் காப்பர் போதாது, பிராசிகுவாண்டல் என்னும் புழுக்கொல்லி மருந்து வேண்டும்.

இரு தொட்டிகளுக்கும் வலை, வாளி, குழாய் எதையும் பொதுவாக வைக்காதீர்கள். ஈரக்கை வழியாகவும் நோய் கடக்கும். இடையில் நோய்க்குறி தெரிந்தாலோ, இன்னொரு மீனைச் சேர்த்தாலோ, நாள்கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.