பேட்மிண்டன் கோர்ட் தொடங்கும் முன் மாலை நேரத்தைப் பங்கு போடுங்கள்

கோர்ட்டை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவது ஒரு தொழில். போட்டிக்குப் போகும் பிள்ளைகளைத் தயார் செய்வது வேறு தொழில். இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே நடத்தினால், மாலை ஐந்து முதல் எட்டு வரைதான் இழுபறி. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வருவதும் அப்போதுதான், வேலை முடித்துக் காசு கொடுத்து ஆடப் பெரியவர்கள் வருவதும் அப்போதுதான். அதனால் கட்டட வரைபடத்துக்கு முன்னால் நேர அட்டவணையைப் போடச் சொல்வேன்.

நாலு கோர்ட் என்றால், அந்த மூன்று மணி நேரமும் இரண்டு கோர்ட் பயிற்சிக்கு மட்டும். வாசலில் எத்தனை பேர் காத்திருந்தாலும் கொடுக்கக் கூடாது. வரவு செலவு எழுதும்போது அந்த இரண்டு கோர்ட்டின் மாலை வாடகையை வரவில் சேர்க்கவே வேண்டாம். அப்படியும் கணக்கு நிற்கிறதா, தொடங்குங்கள். நிற்கவில்லையா, வாடகைக் கோர்ட்டாகவே நடத்துங்கள், அதில் கேவலம் ஒன்றுமில்லை. அகாடமி என்று பலகை மாட்டிவிட்டுப் பிள்ளைகளை ஓரத்தில் ஸ்கிப்பிங் ஆட விடுவதுதான் தப்பு.

தீவிரமாக ஆடும் பிள்ளைகளுக்கு அதிகாலை பேட்ச் கட்டாயம் வேண்டும். 2001-ல் ஆல் இங்கிலாந்து பேட்மிண்டன் பட்டம் வென்ற கோபிசந்தின் ஹைதராபாத் அகாடமியில் விடிவதற்கு முன்பே பயிற்சி தொடங்கிவிடும். 2012-ல் சாய்னாவும் 2016-ல் சிந்துவும் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியபோது அவரிடம்தான் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார்கள். அதிகாலையில் கோர்ட்டுக்கு வாடகைப் போட்டியும் குறைவு.

இனி கட்டடம். கோர்ட் 13.40 மீட்டர் நீளம், 6.10 மீட்டர் அகலம். பலர் இதை மட்டும் பெருக்கிவிட்டு இடம் போதும் என்கிறார்கள். சுற்றிலும் இரண்டு மீட்டராவது காலியாக விடுங்கள். பின்கோட்டில் விழும் ஷட்டிலை எடுக்கப் பின்னால் பாயும் பிள்ளைக்குச் சுவர் பயம் வந்துவிட்டால், அது ஷட்டிலுக்கு ஒரு அடி முன்னாலேயே நின்றுவிடும். உயரம் அதைவிட முக்கியம். பெரிய சர்வதேசப் போட்டிகளுக்கு 12 மீட்டர் கேட்பார்கள். பயிற்சிக்கு ஒன்பதுக்குக் கீழே நான் போக மாட்டேன். கூரை தாழ்வாக இருந்தால், நெட் அருகிலிருந்து உயரத் தூக்கி அடிக்கும் ‘லிஃப்ட்’ உத்திரத்தில் இடிக்கும். பிள்ளையும் தட்டையாகத் தூக்கியே பழகிவிடும். பிறகு உயரமான அரங்கில் ஆடும்போது எதிராளி அதை நடுவழியிலேயே அடித்து நொறுக்குவான்.

கோர்ட்டுக்கு நேர் மேலே விளக்கு வேண்டாம், இரு பக்கமும் நீளவாக்கில் வையுங்கள். ஸ்மாஷ் அடிக்க அண்ணாந்தால் கண் கூசக் கூடாது. பின்சுவருக்கு வெள்ளை அடிக்காதீர்கள், வெள்ளை இறகு அதில் கரைந்துவிடும். பளபளப்பில்லாத அடர்பச்சையோ நீலமோ போதும். காற்று நேராகக் கோர்ட்டில் பாயாதபடி விசிறி, ஏசி, கதவு எல்லாவற்றையும் பார்த்து வையுங்கள்.

தரையில் மட்டும் கை இறுக்கம் காட்டாதீர்கள். சிமெண்ட் மேல் நேராக மேட் விரித்தால் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், முழங்கால்தான் கணக்கு வைத்திருக்கும். அடியில் துள்ளல் உள்ள மரத்தளம், அதன்மேல் மேட். வரவேற்பறைக் கண்ணாடியும் சோபாவும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஓயாமல் பணம் தின்பது ஷட்டில். மூன்று பெட்டி வையுங்கள். புதியது ஆட்டத்துக்கு. இறகு லேசாகக் கலைந்தது, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு ஆட வைக்கும் மல்டி ஷட்டில் பயிற்சிக்கு. இறகு ஒடிந்தது நெட் அருகே கால் வைக்கும் பயிற்சிக்கு மட்டும், ஏனென்றால் அது தாறுமாறாகப் பறக்கும். வாங்கும்போது வேகத்தைச் சோதியுங்கள்: பின்கோட்டிலிருந்து கீழ்க்கையாக முழு வீச்சில் அடித்தால், எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழ வேண்டும். வெயில் காலத்தில் காற்று லேசாகி ஷட்டில் நீளமாகப் போகும். அப்போது டப்பாவில் போட்டிருக்கும் வேக எண்ணைப் பார்த்து, வேகம் குறைந்ததை வாங்குங்கள்.

கோச்சைச் சேர்க்கும்போது சான்றிதழைப் புரட்டிய கையோடு ஒரு கூடை ஷட்டிலைக் கொடுத்து ஒரு பிள்ளைக்கு ஃபீட் பண்ணச் சொல்லுங்கள். இடக்கையில் வரிசையாக அடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக நான்கு மூலைக்கும் போடுவார். பார்க்க வேண்டியது அவர் வேகத்தை அல்ல. பிள்ளை நடுவுக்குத் திரும்பிக் கால் ஊன்றிய பிறகு அடுத்ததைப் போடுகிறாரா, கால் தடுமாறினால் நிறுத்தித் திருத்துகிறாரா என்பதை. நிற்காமல் இருபதைப் போட்டுப் பிள்ளையை மூச்சிரைக்க வைப்பவர் பெற்றோருக்குப் பிடித்தமானவர். எனக்கு வேண்டாம்.

அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். பேசினால் ஒரே கோர்ட்டில் பன்னிரண்டு பேர் நிற்பார்கள். மாதச் சம்பளம், கோர்ட்டுக்கு ஆறு பேருக்கு மேல் இல்லை, போட்டிக்குக் கூடப் போகும் நாளுக்குத் தனிப்படி என்று எழுதிக்கொள்ளுங்கள். பேட்மிண்டன் சங்கத்தில் பதிவு, வயதுச் சான்று, போட்டி அட்டவணை ஆகியவற்றைப் பார்க்க வேறொருவரை வையுங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவறவிட்டால் ஒரு பருவப் பயிற்சியே வீண், அந்த வேலையைக் கோச் தலையில் கட்டாதீர்கள்.