வாழ்த்து வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்

பண்டிகை வாழ்த்து விஷயத்தில் பலரும் செய்கிற முதல் தவறு, அதை ஒரு விசாரணையாக எடுத்துக்கொள்வது. தீபாவளி காலையில் எதிர்வீட்டு அண்ணாச்சி, ‘பாய், தீபாவளி வாழ்த்துகள்!’ என்று குரல் கொடுக்கிறார். பாய் எண்ணெய் தேய்த்துக் குளித்தாரா என்றா கேட்கிறார்? தமக்கு நல்ல நாள், எதிரே வருகிறவரும் நன்றாக இருக்கட்டும் என்கிறார், அவ்வளவுதான். ‘நாங்க இதெல்லாம் கொண்டாடறதில்லையே’ என்றால் தகவல் சரிதான். ஆனால் அது அண்ணாச்சிக்குத் தெரியாததா? ‘சந்தோஷம் அண்ணாச்சி, வீட்ல எல்லாருக்கும் சொல்லுங்க’ என்றால் முடிந்தது. யாருடைய மார்க்கமும் அதனால் கெட்டுப்போகாது.

வாயால் வரும் வாழ்த்து சுலபம். தட்டோடு வரும்போதுதான் சங்கடம். சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று நம்புகிற முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. பக்ரீத் பிரியாணியைப் பார்த்துச் சைவக்காரர் விழிப்பதும் உண்டு. நம் ஊர்ப் பெண்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். அதிரசமும் முறுக்கும் சுட்ட கையோடு, படையலுக்கு எடுத்து வைக்கும் முன்பே ஒரு டப்பாவில் தனியாகப் போட்டுவிடுவார்கள். கொடுக்கும்போது, ‘சாமிக்கு வைக்கறதுக்கு முன்னாடியே எடுத்ததுங்க, தைரியமா சாப்பிடுங்க’ என்று ஒரு வார்த்தை. அதேபோல ரம்ஜானன்று சைவ வீட்டுக்குச் சேமியா பாயசம் மட்டும் போகும். அப்படியும் ஒத்துவராது என்றால், நெருங்கிப் பழகுகிறவர்களிடம் பண்டிகைக்கு முன்பே நயமாகச் சொல்லிவிடலாம். தட்டு வாசலுக்கு வந்த பிறகு கொள்கை விளக்கம் வேண்டாம்.

வாழ்த்துகிறவர் மனசில் இருக்கும் கதையும் நம் கதையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னை சௌகார்பேட்டையில் வாடிக்கையாளர் நரகாசுரனை நினைத்துத் தீபாவளி வாழ்த்துச் சொல்வார். கடைக்காரச் சமணருக்கு அது மகாவீரர் முக்தி அடைந்த நாள். அவர் திருத்திக்கொண்டு நிற்பதில்லை, வாழ்த்தை வாங்கிக்கொண்டு பில் போடுகிறார்.

சொல்கிறவர்கள் பக்கமும் தவறு இல்லாமல் இல்லை. காலண்டரில் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் வாழ்த்துப் படம் அனுப்பிவிடுகிற பழக்கம் பெருகிவிட்டது. புனித வெள்ளி, இயேசு சிலுவையில் உயிர்விட்ட நாள். நோன்பும் சிலுவைப்பாதையுமாகப் போகும். வாழ்த்துவதற்கு ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர் இருக்கிறது. மொஹரம் விடுமுறை, அந்த மாதத்தின் பத்தாம் நாளுக்கானது. 680ஆம் ஆண்டு இராக்கின் கர்பலாவில் நபிகள் நாயகத்தின் பேரர் இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட நாள் அது. அன்று சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஷியா முஸ்லிம்கள் கறுப்பு உடுத்தி, மார்பில் அடித்துக்கொண்டு ஊர்வலம் போவார்கள். அவர்களுக்குப் பூங்கொத்துப் படம் அனுப்பினால் எப்படி இருக்கும்? சரி, தெரியாமல் ஒருவர் அனுப்பிவிட்டார் என்றே வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் எல்லார் முன்னாலும் பாடம் எடுக்காமல், அப்புறம் தனியாக ஒரு வரி சொன்னால் போதும்.

கணக்கு வைப்பது இன்னொரு வியாதி. ‘கிறிஸ்துமஸுக்கு நான் சொன்னேன், பொங்கலுக்கு அவர் சொன்னாரா?’ எந்தத் தலைவர் எந்தப் பண்டிகைக்கு வாழ்த்தவில்லை என்று வருஷா வருஷம் நடக்கிற பஞ்சாயத்தைப் படியேற்றி வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் இது. தவிர, யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கிறிஸ்துமஸே கொண்டாடுவதில்லை. பகுத்தறிவாளர் வீட்டில் தீபாவளி இருக்காது. அவர்கள் பதிலுக்கு ‘நன்றி’ மட்டும் சொன்னால் அதில் குறை காண ஒன்றுமில்லை.

வாழ்த்தை ஏற்பதும் சடங்கில் கலந்துகொள்வதும் வேறு வேறு. அலுவலகத்தில் ஆயுத பூஜை வாழ்த்துச் சொன்னால் சிரித்து வாங்கிக்கொள்ளலாம். ‘வாங்க, நீங்களும் சூடம் காட்டுங்க’ என்று கையைப் பிடித்து இழுத்தால் மறுக்கலாம். அதற்காக மேலாளர் முகம் சுளித்தால், தவறு அவருடையது.