கூட்டத்தைப் பார்த்துக் கணக்குத் தொடங்காதீர்கள்

“எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள்” என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சமூக வலைத்தளத்தில் சேருவதுதான், எந்தத் தளத்தில் சேருவது என்று தேர்ந்தெடுப்பதில் பலரும் செய்யும் பெரிய தவறு. அந்த எல்லாரும் யார்? ஃபேஸ்புக்கை மாதந்தோறும் 300 கோடிக்கும் அதிகமானோர் பயன்படுத்துகிறார்கள். அதில் நமக்கு வேண்டியவர்கள் ஐம்பது பேர் தேறினால் அதிகம்.

சேருவதற்கு முன் ஒரு தாளில் பத்துப் பெயர்களை எழுதுங்கள். யார் எழுதுவதை, யார் போடும் படங்களை உண்மையிலேயே பார்க்க ஆசைப்படுகிறீர்களோ, அவர்கள் பெயர்கள். அதில் ஏழு பேர் ஒரு டெலிகிராம் குழுவில் இருந்தால் அங்கே சேருங்கள், போதும். ஏழு பேரும் ஃபேஸ்புக்கில் இருந்தால், சரி, ஃபேஸ்புக்கே இருக்கட்டும். பிரபலமானது என்பதற்காகவே ஒன்றை ஒதுக்குவதும் அதே தவறுதான்.

அப்புறம், நண்பர்கள் இருக்கும் இடத்தில் சேர்ந்துவிட்டால் அவர்கள் போடுவதெல்லாம் கண்ணில் படும் என்று நம்பிவிடுகிறோம். இன்ஸ்டாகிராம் 2016 வரை பதிவுகளை நேர வரிசைப்படி காட்டியது. அதன்பிறகு, நீங்கள் எதைப் பார்த்து அதிகம் நிற்பீர்கள் என்று கணித்து அடுக்கத் தொடங்கியது. விளம்பரத்தில் ஓடும் நிறுவனத்துக்கு உங்கள் நேரம்தான் வருமானம். அதனால் அக்கா போட்ட குழந்தைப் படம் கீழே போய்விடலாம். முன்பின் தெரியாத ஒருவரின் வீடியோ மேலே வந்து நிற்கலாம்.

இதைச் சோதிப்பது சுலபம். செயலியைத் திறந்து முதல் இருபது பதிவுகளை எண்ணுங்கள். நீங்களாகத் தேர்ந்தெடுத்தவர்கள் போட்டது எத்தனை, விளம்பரம் எத்தனை, தளமே கொண்டுவந்து திணித்தது எத்தனை? பாதிக்கு மேல் திணிப்பு என்றால், நீங்கள் பின்தொடர்கிறவர்களை மட்டும் காட்டும் பகுதிக்கு மாறிப் பாருங்கள். இன்ஸ்டாகிராம், எக்ஸ் (பழைய ட்விட்டர்) இரண்டிலும் அது உண்டு. அங்கேயும் படிக்க ஒன்றும் தேறவில்லையா? அந்தத் தளம் உங்களுக்கு ஆகாது.

பின்தொடர்வோர் எண்ணிக்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விற்பதற்கு உங்களிடம் ஏதும் இல்லையென்றால், அந்த எண் உங்களுக்கு எதற்கு?

பெரிய தளம் என்றைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. 2004-இல் தொடங்கிய ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகுளின் அத்தனை பலத்தோடும் 2011-இல் வந்த கூகுள் பிளஸ், 2019 ஏப்ரலில் பொதுப் பயனர்களுக்கு இல்லாமல் போனது. இன்னொரு பழைய தளமான மைஸ்பேஸ் மூடப்படவே இல்லை. ஆனாலும் சர்வர் மாற்றும்போது, பன்னிரண்டு ஆண்டுகளாக மக்கள் ஏற்றிவைத்த பாடல்கள் தொலைந்துபோனது 2019-இல் தெரியவந்தது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு வேறு பிரதி இல்லை.

ஆகவே சேரும்போதே வெளியேறும் வழியையும் பாருங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் உங்கள் பதிவுகளை மொத்தமாகப் பதிவிறக்கலாம். பலர் தனித்தனியே நடத்தும் சர்வர்கள் சேர்ந்த வலைத்தளமான மாஸ்டடானில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் பின்தொடர்வோரும் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. முக்கியமானவர்களின் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். விட்டுப் போகும்போது செயலியை மட்டும் நீக்கினால் கணக்கு அப்படியே கிடக்கும். ஃபேஸ்புக்கில் கணக்கை நிரந்தரமாக நீக்கக் கோரினால், மனம் மாற 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் உள்ளே போய் எட்டிப் பார்க்காதீர்கள்.