வெளிநாட்டுத் தாய் ஆலையில் ஓர் அளவு, நம் ஆலையில் ஓர் அளவு: எழுத்தில் ஒப்பிட்டுக் கேட்பது எப்படி?

ஐரோப்பாவில் விற்கப்படும் காலணியில், நம் உடம்பில் உரசும் தோல் பகுதியில், 'குரோம் சிக்ஸ்' என்று நம் கம்பெனிகளில் சொல்லப்படும் ஆறாம் நிலைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்பது 2015 மே மாதம் முதல் அங்கே சட்டம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்த்த எவருக்கும் இந்த எண் மனப்பாடம். ஆய்வகச் சான்று வராமல் சரக்கு நகராது. குரோம் கரைசல் சொட்டச் சொட்ட அதே தோலைப் பதனிடும் டிரம்மிலிருந்து இழுத்துப் போடுகிறவரின் கையுறையைப் பற்றி அப்படி ஓர் எண் யாருக்கும் மனப்பாடமாக இல்லை. பன்னாட்டு நிறுவனத்தின் கிளையிலோ, அதற்குச் சரக்கு கொடுக்கும் கம்பெனியிலோ வேலை செய்கிறவர்களும், அங்குள்ள பாதுகாப்புக் குழு உறுப்பினர்களும், தொழிற்சங்கத்தினரும் இந்த ஏற்றத்தாழ்வை எப்படி எழுத்தில் கொண்டுவருவது என்பதை இங்கே விளக்குகிறேன்.

அங்கே ஓர் அளவு, இங்கே ஓர் அளவு ஏன் என்று கேட்டால் நிர்வாகம் சொல்லப்போகும் பதிலை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். "நாங்கள் இந்தியச் சட்டப்படிதான் நடக்கிறோம்" என்பார்கள். பெரும்பாலும் அது பொய்யாகவும் இருக்காது, சிக்கலே அதுதான். காலணி ஒட்டும் பசைகளில் இருக்கும் டொலுயீன் என்ற கரைப்பானின் ஆவிக்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வகுத்த எட்டு மணி நேரச் சராசரி வரம்பு 100 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு); ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 50. இரைச்சலுக்கு இங்கே எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல். அங்கே 87, அதுவும் காதுக் கவசத்தின் பயனைக் கணக்கில் சேர்த்த பிறகு. மூன்று டெசிபல்தானே என்று எண்ண வேண்டாம். மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிக்கிறது. எனவே "சட்டத்தை மீறுகிறீர்கள்" என்று தொடங்கினால் முதல் சுற்றிலேயே தோற்றுவிடுவோம். "இதே வேலைக்கு, இதே பொருளுக்கு, உங்கள் தாய் ஆலையில் என்ன அளவு வைத்திருக்கிறீர்கள்? இங்கே ஏன் அது இல்லை?" என்று கேட்பதே பலன் தரும்.

அதற்கு ஒரே ஒரு பொருளையோ ஒரே ஓர் இயந்திரத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். கேன்டீன், கழிப்பறை, வேன், சம்பளம் எல்லாவற்றையும் ஒரே மனுவில் ஏற்றினால், சுலபமான ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். பேஸ்டிங் மேசையில், அதாவது காலணிப் பாகங்களை ஒட்டும் இடத்தில், பயன்படும் 'சொலுஷன்' எனும் பசை நல்ல தொடக்கம். அது பெரிய டின்னில் வரும். டின்னின் மேல் தீச்சுடர், ஆச்சரியக்குறி, மார்பில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம் ஆகிய படங்கள் சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும். ஆனால் மேசைக்கு வருவது அந்த டின் அல்ல. மூடியில்லாத சிறு கிண்ணமும் ஒரு தூரிகையும்தான். எச்சரிக்கைப் படங்கள் ஸ்டோர் அறையிலேயே நின்றுவிடுகின்றன. பேரணாம்பட்டு, மாதனூர்ப் பக்கங்களிலிருந்து வேனில் வந்து நாள் முழுவதும் அந்தக் கிண்ணத்தின் மேல் குனிந்திருக்கும் பெண்களில் பலர் அந்தப் படங்களைப் பார்த்ததே கிடையாது.

டின்னின் மேலுள்ள தயாரிப்பாளர் பெயரையும் பொருளின் எண்ணையும் குறித்துக்கொண்டு, பொருளின் ஆபத்துகளையும் கையாளும் முறையையும் சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள். எல்லா நாட்டிலும் அது 16 பகுதிகள் கொண்டது. உங்களுக்கு முக்கியமானவை இரண்டாம் பகுதியும் (ஆபத்துகள்) எட்டாம் பகுதியும் (காற்றில் அனுமதிக்கப்படும் அளவு, கையுறை, முகக்கவசம்). இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பசையும் ரசாயனமும் செய்யும் பெரிய கம்பெனிகள் பல, தங்கள் இணையதளத்தில் நாடுவாரியாகத் தனித்தனித் தாள்களை வைத்திருக்கின்றன. அப்படிக் கிடைத்தால், ஒரே பொருளுக்கான ஜெர்மனித் தாளையும் இந்தியத் தாளையும் இறக்கி, எட்டாம் பகுதிகளை மட்டும் அருகருகே வைத்துப் பாருங்கள். கம்பெனியின் சொந்தத் தாள் சொல்லும் சாட்சிக்கு எதிராக வாதிடுவது எந்த மேலாளருக்கும் கடினம்.

நான் சில ஆண்டுகள் ஒரு ஷூ கம்பெனியின் பாதுகாப்புக் குழுவில் இருந்தேன். வெளிநாட்டு வாங்குபவரின் ஆடிட் நாளன்று காலையில் எல்லோருக்கும் வெள்ளை நிற முகக்கவசம் கொடுப்பார்கள்; மாலையில் எண்ணி வாங்கி வைப்பார்கள். திருப்பி வாங்குவதுதான் அநியாயம் என்று அப்போது நினைத்தோம். எட்டாம் பகுதியைப் படித்த பிறகுதான், கொடுத்ததே பயனற்றது என்று தெரிந்தது: அது தூசியைத் தடுக்கும் கவசம். கரைப்பான் ஆவிக்கு வேண்டியது கரி நிரப்பிய, பழுப்புப் பட்டை போட்ட 'ஏ' வகை வடிகட்டி. ஆகவே "கவசம் தருகிறார்களா?" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த வகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள், மேசையில் உறிஞ்சு விசிறி ஓடுகிறதா என்பதைத் தேதியோடு எழுதுங்கள். விசிறியின் முன்னால் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தாலே அது இழுக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஏற்றத்தாழ்வு நாடுகளுக்கிடையே மட்டும் இல்லை. ஒரே கேட்டுக்குள்ளும் இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு பூட்ஸ், காண்ட்ராக்ட் ஆளுக்கு ஒரு ரப்பர் செருப்பு. சரக்கை வாங்கும் வெளிநாட்டு பிராண்டின் விதிப்புத்தகம் கம்பெனிச் சுவரோடு நின்றுவிடுகிறது. கழிவு அந்தச் சுவரைத் தாண்டிப் போகிறது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகிலிருந்த தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். எனவே ஒப்பீட்டில் காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் கழிவுத் தொட்டிக்கும் தனி வரி இருக்கட்டும்.

தொட்டியைப் பற்றி ஒன்றைக் கடிதத்துக்குக் காத்திராமல் சொல்லியாக வேண்டும். தோலின் மயிரை நீக்கும் சுண்ணாம்புத் தொட்டியின் சல்ஃபைடு நீரோடு அமில நீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உண்டாகிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு ஏறினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. வாயுச் சோதனையும் மூச்சுக் கருவியும் இடுப்புக் கயிறும் மேலே ஓர் ஆளும் இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் குதிப்பதால்தான் சாவு இரண்டாகவும் மூன்றாகவும் ஆகிறது.

இனி கடிதம். பாதுகாப்பு குறித்த தகவலைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்குப் போபாலின் வழியே வந்தது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவிலும் அதே நச்சுப் பொருளை (மீத்தைல் ஐசோசயனேட்) கையாண்ட யூனியன் கார்பைடு நிறுவனம், போபாலில் குளிர்பதன அமைப்பை நிறுத்தி வைத்திருந்த 1984 டிசம்பர் இரவுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு 111ஏ பிரிவு சேர்ந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவிலும் அந்த உரிமை இருக்கிறது. இதனோடு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1977ஆம் ஆண்டுப் பன்னாட்டு நிறுவனங்கள் குறித்த பிரகடனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிற நாடுகளில் தாங்கள் கடைப்பிடிக்கும் பாதுகாப்பு அளவுகளை, இங்குள்ள வேலைக்குப் பொருந்தும்வரை, தொழிலாளர் பிரதிநிதிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நீதிமன்றத்தில் கட்டாயப்படுத்த முடியாது; ஆனால் பெரும் நிறுவனங்கள் பல தங்கள் ஆண்டறிக்கையில் இதைப் பெருமையாகக் குறிப்பிடுகின்றன. வாசகம் இப்படி இருக்கலாம்:

"எங்கள் பேஸ்டிங் பிரிவில் பயன்படும் இன்ன எண்ணுள்ள பசைக்கு, நிறுவனத்தின் பிற நாட்டு ஆலைகளில் கடைப்பிடிக்கப்படும் காற்று அளவு, கவச வகை, மருத்துவப் பரிசோதனை இடைவெளி ஆகியவற்றையும், இங்கே கடைசியாக எடுத்த அளவையும் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

ஒருவர் பெயரில் அனுப்பாமல் சங்கத்தின் பெயரிலோ பாதுகாப்புக் குழுவின் பெயரிலோ அனுப்பி, நகலில் கையொப்பமும் தேதியும் வாங்குங்கள்.

பதில் வராவிட்டால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் உங்கள் பகுதி அலுவலகத்துக்கு மனுக் கொடுங்கள். 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அவர்களின் ஆய்வறிக்கை நகலையும் கோரலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வாங்கும் நிறுவனம் ஜெர்மனியுடையதாக இருந்து, அங்கே குறைந்தது 1,000 பேர் வேலை செய்தால், 2023இல் நடப்புக்கு வந்த விநியோகச் சங்கிலிச் சட்டப்படி அது புகார் வழி ஒன்றைத் திறந்து வைத்திருக்க வேண்டும். புகார் செய்தவரின் அடையாளத்தை மறைக்கவும் கடமைப்பட்டது. பிரான்ஸ், இத்தாலி, பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) பன்னாட்டு நிறுவனங்களுக்கு வகுத்த நெறிமுறைகளுக்கான தேசியத் தொடர்பு மையங்கள் உள்ளன. அவை தீர்ப்பளிக்காமல் பேச்சுவார்த்தைக்கு அழைப்பவை, காலம் பிடிக்கும்.

கம்பெனிக்குள் போட்டோ எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. பலருக்கு அதுவே வேலையை விட்டு நிறுத்தக் காரணமாகியிருக்கிறது. டின்னின் எண், தேதி, ஷிப்டு, யாருக்குத் தலைசுற்றியது, எந்த நேரத்தில் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனார் என்பதை அன்றன்றே நோட்டில் எழுதினால் போதும். அந்த நோட்டு கம்பெனி லாக்கரில் இருக்கக்கூடாது, வீட்டில் இருக்கட்டும்.