யோகா முகாமுக்குப் போகிறீர்களா? முதலில் கால அட்டவணையைக் கேளுங்கள்

யோகா, தியான முகாம்கள் நடத்தும் ஒரு மையத்தில் பதிவு மேசையில் சில வருடங்கள் இருந்தேன். போனில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். தனி அறை கிடைக்குமா? வைஃபை உண்டா? வெந்நீர் எத்தனை மணிவரை வரும்? "காலையில் எத்தனை மணிக்கு எழுப்புவீர்கள், நாள் முழுக்க என்ன செய்யச் சொல்வீர்கள்?" என்று கேட்டவர்கள் அபூர்வம். ஆனால் முகாம் முடிந்து தெம்பாகக் கிளம்பியவர்களும், வந்ததைவிடக் களைத்துப்போய்க் கிளம்பியவர்களும் தங்கியது ஒரே மாதிரி அறைகளில்தான். அந்த அன்றாட ஒழுங்கு அவரவர் உடம்புக்கும் மனநிலைக்கும் ஒத்துவந்ததா, இல்லையா என்பதில்தான் வித்தியாசம் இருந்தது.

அதனால் "மனசு சரியில்லை, எங்காவது போய்க் கொஞ்ச நாள் யோகா, தியானம்னு இருந்துட்டு வரணும்" என்று யாராவது சொன்னால், மலையும் கடலும் தெரியும் புகைப்படங்களை மூடிவைத்துவிட்டுக் கால அட்டவணையை வரவழைத்துப் படிக்கச் சொல்வேன். அட்டவணையை அனுப்பத் தயங்கும் இடத்தை அப்போதே விட்டுவிடலாம்.

எது சரியாக வேண்டும்?

அட்டவணையைப் படிக்கும் முன் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதிக்கொள்ளுங்கள். "என்னையே நான் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று எழுதினால் அதை வைத்து எந்த முகாமையும் தேர்ந்தெடுக்க முடியாது. "இரவு மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது", "அம்மா போனதிலிருந்து எதிலும் மனம் ஒட்டவில்லை", "இடுப்பு வலி விடமாட்டேன் என்கிறது", "இந்த வேலையில் தொடர்வதா என்று தெரியவில்லை" என்று எழுதினால் முடியும். இந்த நான்கு பேருக்கும் ஒரே முகாம் பொருந்தாது.

தூக்கம் கெட்டவரை எடுத்துக்கொள்வோம். நண்பர் ஒருவர் போய்விட்டு வந்து புகழ்ந்தார் என்பதற்காக எஸ்.என். கோயங்கா வழியில் நடக்கும் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் பெயர் கொடுப்பவர்கள் இவர்களில் நிறைய. அதன் அட்டவணை எங்கே போனாலும் ஒன்றுதான்: காலை 4 மணிக்கு மணி அடிக்கும், 4.30க்குத் தியானம் தொடங்கும், இரவு 9.30க்கு விளக்கணைப்பு. இடையில் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே இருக்க வேண்டும். பத்தாம் நாள்வரை பேச்சு கிடையாது; போன், புத்தகம், எழுதுவது எதுவும் கிடையாது. யோகாசனத்தைக்கூட அந்த நாட்களில் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் மூக்கருகே வந்து போகும் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். உடம்பின் உணர்வுகளைக் கவனிக்கும் விபாசனா நான்காம் நாள்தான் ஆரம்பம். மகாராஷ்டிராவின் இகத்புரியில் உள்ள தம்மகிரி மையத்தில் 1976 முதல் இப்படித்தான் நடக்கிறது. கட்டணம் இல்லை, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம்.

நல்ல பயிற்சி, எனக்கு அதில் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அது கடும் உழைப்பு. ஓய்வு என்று நினைத்துப் போகக்கூடாது. தீவிர மனநோய் உள்ளவர்கள் வர வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். அண்மையில் நெருங்கியவரை இழந்தவர்களிடமும், பழைய பெரிய அதிர்ச்சியிலிருந்து இன்னும் மீளாதவர்களிடமும் நான் இதை முதல் தேர்வாகச் சொல்வதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பேச ஆளில்லாமல், நாளெல்லாம் உட்கார்ந்தால் மேலே வருவது நிம்மதியாகத்தான் இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. அவர்களுக்கு உடம்பை அசைக்கும் பயிற்சி, திறந்த கண்கள், நடை, நடுநடுவே நாலு வார்த்தை பேச ஆள் இருக்கும் இடமே மேல்.

சிவானந்த மரபு ஆசிரமங்களின் நாள் வேறு மாதிரி. மலாயாவில் டாக்டராக இருந்துவிட்டு ரிஷிகேஷ் போய்த் துறவியான சுவாமி சிவானந்தர், 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தா பல நாடுகளில் அமைத்த ஆசிரமங்களில் காலை 6 மணிக்கு சத்சங்கம் (கூட்டுத் தியானம், பஜனை), 8 மணிக்கு ஆசன வகுப்பு, 10 மணிக்குச் சாப்பாடு, மதியம் சொற்பொழிவு, 4 மணிக்கு மறுபடி ஆசனம், 6 மணிக்குச் சாப்பாடு, இரவு 8 மணிக்கு மறுபடி சத்சங்கம். நடுவில் ஒரு வேளை துப்புரவோ சமையலறை உதவியோ சேவையாகச் செய்ய வேண்டும். என்ன செய்வது என்று தெரியாமல் தனியாகத் தவிப்பவர்களுக்கு இந்த அடுக்கு மிகவும் நல்லது. அடுத்த மணிக்கு என்ன என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம். பஜனை, பூஜை ஒட்டாதவர்களுக்குக் காலையும் மாலையும் சிரமமாக இருக்கும். இன்னொன்று, இந்த ஆசன வரிசையில் சூரிய நமஸ்காரம் முடிந்து கொஞ்ச நேரத்திலேயே சிரசாசனம் வந்துவிடும். ரத்த அழுத்தம், குளுக்கோமா, கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மைசூரில் அஷ்டாங்க யோகா கற்கப் போகிறவர்களின் அட்டவணை இதற்கு நேர்மாறு. விடியற்காலையில் அவரவர் வரிசையை அவரவர் செய்து முடிக்க வேண்டும், ஆசிரியர் சுற்றிவந்து திருத்துவார். அதோடு சரி. அமாவாசை, பௌர்ணமியில் விடுமுறை. மீதி நாள் முழுக்க உங்கள் கையில். வேலையில் தொடர்வதா என்று யோசிப்பவருக்கு இந்தக் காலி நேரம் வரமாக இருக்கலாம். மனம் உடைந்து போயிருப்பவருக்கு அதுவே பாரமாகிவிடும்.

வலியோடு இருப்பவர்கள் ஐயங்கார் முறை ஆசிரியர்களைத் தேடலாம். பெல்ட், கட்டை, நாற்காலி, கயிறு என்று துணைப்பொருட்களை வைத்து, உடம்பு எட்டாத இடத்துக்கு அதை வலிய இழுக்காமல் வேலை வாங்குவது அவர்கள் கைவந்த கலை. நாள்பட்ட முதுகுவலிக்கு மருந்துக்கு முன் முயன்று பார்க்கக்கூடியவற்றில் யோகாவையும் 2017இல் அமெரிக்க மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் சேர்த்தது. ஆனால் இது தொடர்பான முக்கிய ஆய்வுகளில் பயிற்சி பன்னிரண்டு வாரம் போல நடந்திருக்கிறது. ஒரு வார முகாமில் வலி போய்விடும் என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்துங்கள். அந்த ஒரு வாரத்தில் செய்ய வேண்டியது, வீட்டில் தனியாகப் பாதுகாப்பாகச் செய்யக் கற்றுக்கொள்வது.

தூக்கம் கெட்டவருக்கு வருகிறேன். அவருக்கு நான் தேடுவது: காலை எழுப்புதல் 5.30க்கு முன் இல்லை. ஒரு மென்மையான ஆசன வகுப்பு. மதியம் யோக நித்திரை (முங்கேரில் பிகார் யோகா பள்ளியை நிறுவிய சத்யானந்தா வகுத்த, படுத்தபடியே கேட்டுச் செய்யும் முறை). ஒரு மணி நேர நடை. இரவு 9 மணிக்கு மேல் நிகழ்ச்சி எதுவும் கூடாது. இப்படி அட்டவணை போடும் இடங்கள் விளம்பரத்தில் சுவாரசியமாகத் தெரியாது.

அட்டவணையில் பார்க்க வேண்டியவை

ஆசன நேரத்தைக் கூட்டுங்கள். வீட்டில் வாரம் ஒருமுறை செய்பவர், தினம் நான்கு மணி நேரம் ஆசனம் உள்ள முகாமில் சேர்ந்தால் மூன்றாம் நாள் தொடையின் பின்தசை உட்காரும் எலும்போடு சேரும் இடத்தில் ஒரு வலி வரும். அது நல்ல வலி இல்லை, நீட்ட நீட்டக் குணமாகவும் செய்யாது. பதிவு செய்யும்போதே "இரண்டு வகுப்பில் ஒன்றில் மட்டும் கலந்துகொள்ளலாமா?" என்று கேளுங்கள். சாப்பாட்டுக்கும் ஆசனத்துக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரமாவது இருக்கிறதா, மதியம் காலி நேரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏழு நாள் முகாமில் மூன்று நாள் சுற்றுலா போட்டிருந்தால் அது சுற்றுலாதான்; தவறில்லை, தெரிந்து போங்கள்.

மூன்றாம் நாள் என்று சொன்னேன் அல்லவா, அந்த நாளைப் பற்றி இன்னும் கொஞ்சம். தலைவலி, எரிச்சல், காரணமில்லாத அழுகை, "வீட்டுக்குப் போய்விடுகிறேன்" என்று பெட்டியோடு பதிவு மேசைக்கு வருவது, எல்லாம் பெரும்பாலும் அந்த நாளை ஒட்டித்தான் நடக்கும். உள்ளே அடைத்துவைத்தது வெளியே வருகிறது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். சில நேரம் உண்மை. சில நேரம் அது வெறும் காப்பிதான். தினமும் காப்பி குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் உச்சம் தொடும். ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கலாம். முகாமுக்குப் பத்து நாள் முன்பே அளவைக் குறைத்துக்கொண்டு வந்தால் ஞானத்துக்கும் காப்பிக்கும் குழப்பம் வராது.

ஆசிரியர், படிவம், தொடுதல்

"சான்றிதழ் பெற்ற ஆசிரியர்" என்றால் அநேகமாக 200 மணி நேரப் பயிற்சி முடித்தவர். ஒரே மாதத்தில் அதை முடிக்கலாம். இவர்களில் பலர் பெயர் பதியும் யோகா அலையன்ஸ் என்பது 1999இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பதிவேடு. அது யாருக்கும் தேர்வு வைப்பதில்லை. ஆகவே எத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறார், ஒரு வகுப்பில் எத்தனை பேர், உடல் பிரச்சினை உள்ளவர்களுக்கு மாற்று ஆசனம் சொல்வாரா என்று கேட்பதே உபயோகம்.

உடல்நிலைப் படிவத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டு, வயிற்றை வேகமாக உள்ளிழுத்து மூச்சை வெளியே தள்ளும் கபாலபாதி தொடங்கியதும் "போன மாதம்தான் குடலிறக்க ஆபரேஷன் ஆச்சு" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். கர்ப்பம், குடலிறக்கம், அண்மையில் வயிற்று அறுவை, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், வலிப்பு இருந்தால் கபாலபாதியும், வேக மூச்சுப் பயிற்சியான பஸ்திரிகாவும் வேண்டாம். உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடலைக் கழுவும் சங்கப் பிரக்ஷாளனத்தை ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் தொடவே கூடாது. மனச்சோர்வுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ சாப்பிடும் மாத்திரையை "உடம்பு சுத்தமாகட்டும், நிறுத்துங்கள்" என்று யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்.

தொட்டுத் திருத்துவது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் முதல் வகுப்புக்கு முன்பே "என்னைத் தொட வேண்டாம், வாயால் சொன்னால் போதும்" என்று சொல்லிவிடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. பேர்பெற்ற யோக மரபுகள் சிலவற்றிலேயே குருமார்கள் மீது பாலியல் புகார்கள் வந்து நிரூபணமாகியிருக்கின்றன. பக்தியைக் காட்டி உங்களைக் கூச்சப்பட வைக்கும் இடத்தில் இருக்க வேண்டாம். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் இடம், இரவில் தனி அறையில் சிறப்புச் சிகிச்சை என்று அழைக்கும் இடம், "நடுவில் கிளம்பலாமா?" என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத இடம், மூன்றும் ஒரே ரகம்.

போவதும் வருவதும்

பயண நாளை முகாம் நாளோடு சேர்க்காதீர்கள். நேர மண்டலங்களைத் தாண்டிப் பறந்தால் ஒரு மணி நேர வித்தியாசத்துக்குச் சுமார் ஒரு நாள் என்று உடம்பு சரியாகும். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் வந்து இறங்கி மறுநாள் காலை 6 மணி வகுப்பில் நிற்பவருக்குத் தியானம் வராது, தூக்கம்தான் வரும். ஒன்றிரண்டு நாள் முன்பே போய்ச் சேருங்கள்.

ஒரே பயணத்தில் நாலைந்து ஆசிரமங்களைத் தொட்டுவரும் திட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. தன்னைத் தேடிப் பயணிப்பவர்கள் உலகெங்கிலுமிருந்து போய்ச் சேரும் இடங்களில் ஒன்று திருவண்ணாமலை. 1896இல் பதினாறு வயதில் அங்கே வந்த ரமணர், 1950இல் மறையும்வரை அந்த ஊரைவிட்டு வெளியே போகவில்லை. கையில் இரண்டு வாரம்தான் என்றால் ஒரே இடத்தில் இருங்கள்.

அங்கே இருக்கும்போது தினமும் ஒரே நேரத்தில் பத்து வரி எழுதுங்கள் (எழுத அனுமதிக்கும் இடமென்றால்). என்ன தோன்றியது, யார் மேல் கோபம் வந்தது, எந்த ஆசனத்தில் உடம்பு மறுத்தது. தத்துவம் எழுத வேண்டாம். நான்காம் நாள் திரும்பப் படித்தால், வேலையைப் பற்றிக் குழம்பியவர் உண்மையில் எழுதியிருப்பது ஒரு மேலதிகாரியைப் பற்றியோ தன் தம்பியைப் பற்றியோ இருக்கும். முகாமில் எடுத்த பெரிய முடிவுகளை, ராஜினாமா, பிரிவு, இங்கேயே தங்கிவிடுவது எதுவானாலும், ஒரு மாதம் அந்த நோட்டிலேயே வைத்திருங்கள்.

திரும்பியதும் உடனே அலுவலகம் போக வேண்டாம், இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். அப்புறம், முகாமின் அட்டவணை முழுவதையும் வீட்டில் நடத்த முயலாதீர்கள். அதிலிருந்து ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்து, அதே நேரத்தில் வையுங்கள்: காலை இருபது நிமிட ஆசனமோ, இரவு போனை வேறு அறையில் வைப்பதோ. மையத்துக்கு மறுபடி வந்தவர்களிடம் விசாரித்தபோது, அதிகாலைத் தியானத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் பலர் விட்டிருந்தார்கள்; சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பத்து நிமிடம் சவாசனத்தில் படுப்பதை எடுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம் தொடர்ந்துகொண்டிருந்தார்கள்.