காதலியை மட்டும் விசாரிக்காத இன்ஸ்பெக்டர்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் கொலை நாவல் எழுதிப் பார்க்கும் தம்பி தங்கைகள் என்னிடம் படிக்கக் கொடுப்பார்கள். முன்பு நோட்டுப் புத்தகம், இப்போது வாட்ஸ்அப்பில் பிடிஎஃப். கொலையும் இருக்கும், கண்டிப்பாகக் காதலும் இருக்கும். என் முதல் நாவலில் இருந்த அதே கோளாறுகளும் இருக்கும். எழுத்துப்பிழை, இரண்டாம் அத்தியாயத்தில் செத்தவர் ஏழாம் அத்தியாயத்தில் டீ குடிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் படித்தாலே கண்ணில் பட்டுவிடும். அப்படிப் படாத கோளாறுகள் கீழே.

வடசென்னை என்றால் கொலைகாரன் ரவுடிதான்

வேண்டாம். சினிமாக்காரர்கள் போதுமான அளவு எடுத்துவிட்டார்கள்.

மே மாதம் கடலுக்குப் போன விசைப்படகு

‘கொலை நடந்த ராத்திரி நான் நடுக்கடலில் இருந்தேன்’ என்று விசைப்படகுக்காரர் சொல்கிறார், போலீசும் நம்பிவிடுகிறது. கதை நடப்பது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டில் வளர்ந்தவர் எழுதினால்கூட இந்தத் தவறு வருகிறது. வேண்டுமென்றே அவரைப் பொய் சொல்ல வைத்தால் நல்ல துப்பு, அது வேறு.

காதலியைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது

ஒரு தம்பியின் நாவல். காசிமேட்டில் படகு முதலாளி கொலையாகிறார். அவரிடம் கணக்கு எழுதும் பெண்தான் நாயகி. விசாரிக்க வரும் இன்ஸ்பெக்டருக்கு இரண்டாம் அத்தியாயத்திலேயே அவள்மேல் ஆசை வந்துவிடுகிறது. டிரைவர், ஐஸ் உடைப்பவர், வட்டிக்காரர், முதலாளியின் மச்சான் என்று அத்தனை பேரிடமும் “அன்னைக்கு ராத்திரி எங்க இருந்த?” என்று கேட்கிறார். அவளிடம் மட்டும் கேட்கவில்லை. இத்தனைக்கும் பணப்பெட்டிச் சாவி அவளிடம் இருக்கிறது. முதலாளியைக் கடைசியாகப் பார்த்ததும் அவள்தான்.

ஏன்டா கேட்கவில்லை என்றேன்.

“அவ நல்ல பொண்ணுணா.”

இந்தப் பதிலை எத்தனை பேரிடம் கேட்டாலும் எனக்கு எரிச்சல் குறைவதில்லை. அவள் நல்ல பெண் என்பது எழுதியவனுக்குத் தெரியும். இன்ஸ்பெக்டருக்கு எப்படித் தெரியும்? வாசகர் அந்தக் கேள்வியை மூன்றாம் அத்தியாயத்திலேயே கேட்டுவிடுவார். கடைசியில் அவள்தான் கொலை செய்தாள் என்றால், ‘அன்னைக்கே கேட்டிருந்தா முடிஞ்சிருக்குமே’ என்று கடுப்பாவார். அவள் செய்யவில்லை என்றால், அந்தக் காதலுக்குக் கடைசிவரை ஒரு ஆபத்தும் வரவில்லை என்றாகிவிடும். இரண்டு பக்கமும் நஷ்டம். தடைக்காலத் தவறை ஒரு வரியில் திருத்திவிடலாம். இதைத் திருத்த முழு நாவலையும் மறுபடி எழுத வேண்டும், ஏனென்றால் நடுவில் சந்தேகம் வந்து உட்கார்ந்தால் இருவரும் பேசிக்கொள்ளும் எல்லா வசனமும் மாறும்.

1928இல் எஸ்.எஸ். வான் டைன் என்ற அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் அந்த வகைக் கதைக்கு 20 விதிகள் எழுதினார். காதல் கூடாது என்பது மூன்றாவது விதி. இரண்டே ஆண்டில் ஆங்கில எழுத்தாளர் டாரதி சேயர்ஸின் ‘ஸ்ட்ராங் பாய்சன்’ நாவல் வந்தது. முன்னாள் காதலனுக்கு ஆர்சனிக் கொடுத்ததாகக் கூண்டில் நிற்கும் பெண்மேல்தான் அதில் துப்பறிபவருக்குக் காதல் வருகிறது. சிறையில் அவர்கள் பேசும் வேடிக்கைப் பேச்சையும் நாம் பதறிக்கொண்டே படிக்கிறோம், காரணம் அவளுக்குத் தூக்கு விழலாம்.

தம்பிக்கு நான் சொன்ன வழி இது. அன்றிரவு துறைமுகப் பக்கமே போகவில்லை என்று அவள் முதலில் வாக்குமூலம் கொடுக்கட்டும். பிறகொரு நாள் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கிறது. பைக்கை நிறுத்திவிட்டு இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது, “அன்னைக்கு ஐஸ் வண்டி வரவே மூணு மணி ஆச்சு, ஒரே சண்டை” என்று அவள் சிரித்தபடி வாய்விடட்டும். அவரும் சிரிப்பார், வாசகரும் சிரிப்பார், கேட் திறந்துவிடும். நாலு அத்தியாயம் தள்ளி அவருக்கு அது உறைக்க வேண்டும். கேஸ் டைரியில் எழுதினால் அவளை இழக்க வேண்டும், வழக்கையும் வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். மறைத்தால் அவரே குற்றவாளி. அப்போதுதான் காதல் காட்சியைத் தள்ளிவிட்டுப் படிக்க யாருக்கும் மனசு வராது.

“அப்போ அவ பொய் சொல்றாளாணா?” என்றான், முகம் வாடிவிட்டது. ஆமாம், யாருக்காகச் சொல்கிறாள் என்று நீ கண்டுபிடி என்றேன். தலையைச் சொறிந்துகொண்டே போனான்.

இன்னும் 302

கொலை வழக்கென்றால் இன்னும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவையே எழுதுகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடக்கும் கொலைக்கு, அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவு. பழைய காலத்துக் கதையென்றால் 302 இருக்கட்டும்.

ஸ்டேஷனில் ஒப்புக்கொண்டான், வழக்கு முடிந்தது

போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் குற்றவாளிக்கு எதிராகச் செல்லாது. மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல வேண்டும். ஆனால் அவன் சொன்னதை வைத்துக் கத்தி கிடைத்தால், அந்த அளவுக்குப் பேச்சு சாட்சியாகும். கிளைமாக்ஸில் வெறும் அழுகையை விட ஒரு கத்தியைத் தேடிப் போவது நல்லது.

காதலர்களுக்குக் கணவன் மனைவி சலுகை தருவது

மண வாழ்வில் துணையிடம் அந்தரங்கமாகச் சொன்னதைச் சாட்சிக் கூண்டில் சொல்லும்படி பொதுவாக வற்புறுத்த முடியாது. காதலர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தாலி கட்டுவதற்கு முன்பு சொன்னதற்கும் கிடையாது. கொலையைப் பற்றிக் காதலியிடம் எல்லாம் கொட்டிவிட்டு, இனி அவள் வாய் திறக்க வேண்டியிருக்காது என்று அடுத்த வாரமே அவசரக் கல்யாணம் செய்துகொள்ளும் ஒருவனை வைத்து ஒரு நாவலே எழுதலாம். யாராவது எழுதினால் எனக்கு அனுப்புங்கள்.