கட்டுரையைச் சக மாணவரிடம் படிக்கக் கொடுக்கிறீர்களா?

"படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்று மட்டும் கொடுத்தால் எழுத்துப்பிழைத் திருத்தம்தான் திரும்பி வரும். கூடவே இரண்டு கேள்விகள் எழுதிக் கொடுங்கள்: என் வாதம் எந்த வரியில் பிடிபட்டது? எந்தப் பத்தியை மறுபடி படிக்க வேண்டியிருந்தது?

அவர் குறித்த இடங்களை உடனே திருத்தாமல், ஒரு நாள் கழித்து உரக்கப் படியுங்கள். பெரும்பாலும் ஒரே பழக்கம்தான் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். "தரவுகள் திரட்டப்பட்டு முடிவுகள் பெறப்பட்டன" என்றால் யார், எதை, எவ்வளவு என்று எதுவுமே தெரியாது. "40 மாணவர்களிடம் கேட்டோம், 26 பேர் மறுத்தார்கள்" என்று எழுதினால் வாக்கியம் நிமிர்ந்து நிற்கும். அந்தப் பழக்கத்தைக் குறித்துவைத்து, அடுத்த வரைவில் முதலில் அதையே தேடுங்கள்.

நண்பர் சொல்லும் மாற்றுவரியை அப்படியே ஏற்க வேண்டாம், அது அவருடைய நடை. ஆனால் அவர் தடுக்கிய இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.